கோடு எந்த மாதத்தில் வளைந்தது?

உப்புவெளியில் இருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, பெண். பிறந்தபோது 2.8 கிலோ. ஒரு மாதத்தில் 3.6, இரண்டு மாதத்தில் 4.5, மூன்று மாதத்தில் 4.9. தாய்ப்பால்தான் கொடுக்கிறார். முதல் இரண்டு மாதமும் மூதூரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு இப்போது கணவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். "உன் பால் தண்ணீர்போல இருக்கிறது, பிள்ளைக்கு எப்படிக் காணும்?" என்கிறார் மாமி. பாமசியில் விசாரித்தால் பால்மாப் பேணியை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். மச்சாளின் மகன் அதே வயதில் பேணிப்பால் குடித்து ஆறரைக் கிலோ இருக்கிறான். "எனக்குப் பால் காணாதா? பால்மா தொடங்கட்டுமா?"

நான் திருகோணமலை மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக, சனங்கள் சொல்கிறபடி மிட்வைஃப்பாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் இல்லை. இந்தக் கேள்வியை எத்தனை வாசற்படியில் நின்று கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெரும்பாலும் பிள்ளையின் தாய் கேட்க மாட்டாள். அவள் உள்ளே நிற்க, வேறு யாராவது கேட்பார்கள். நீங்களே கேட்டது நல்லது.

மகள், முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பால்மாப் பேணியை இப்போது வாங்க வேண்டாம். அதேநேரம், "பிள்ளை சிரிக்கிறாள், விளையாடுகிறாள், ஒன்றும் இல்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் பிள்ளையை வைத்தியர் ஒருவர் பார்க்க வேண்டும். ஏன் என்பது பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் இருக்கிறது.

பெண் பிள்ளை என்பதால் உங்களிடம் இருப்பது இளஞ்சிவப்புப் பதிவேடு. அதில் வயதுக்கேற்ற நிறைப் படத்தை விரித்து, நான்கு புள்ளிகளையும் பென்சிலால் இணைத்துப் பாருங்கள். பிறந்த நாளில் இருந்து இரண்டாம் மாதம் வரை கோடு கடும்பச்சைக்கும் இளம்பச்சைக்கும் நடுவில் உள்ள வரம்பிலேயே ஏறிப் போயிருக்கும். சிறிய பிள்ளைதான், ஆனால் தன் பாதையில் பிசகாமல் போன பிள்ளை. அதே பாதையில் போயிருந்தால் மூன்றாம் மாதம் ஏறத்தாழ 5.2 கிலோ இருந்திருக்க வேண்டும். 4.9 இல் நிற்கிறாள். கோடு இளம்பச்சைப் பட்டையின் நடுவை நோக்கி வளைந்துவிட்டது. அதற்கும் கீழே இருப்பது செம்மஞ்சள், நிறை குறைந்த பிள்ளைகளின் பட்டை. அங்கே போகவிடக் கூடாது.

"தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மெல்லத்தான் ஏறும், அட்டையில் உள்ள கோடு பேணிப்பால் பிள்ளைகளுக்கானது" என்று சிலர் சொல்வார்கள். பழைய அட்டைகளைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. இப்போது பாவிக்கும் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை நிறுத்து வரைந்தவை. ஆகவே அந்தச் சாட்டு இனிச் செல்லாது. ஏற்றம் மாதத்துக்கு மாதம் குறைவதும் இயல்புதான்: நடுக்கோட்டில் போகும் பெண் பிள்ளை முதல் மாதம் சுமார் ஒரு கிலோ, இரண்டாம் மாதம் 900 கிராம், மூன்றாம் மாதம் 700 கிராம் ஏறுவாள். உங்கள் மகள் 800, 900, பிறகு 400. கடைசி எண்தான் இடிக்கிறது.

மச்சாளின் மகனோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவன் ஆண் பிள்ளை, நடுக்கோட்டில் போகிறான், அவ்வளவுதான். உங்கள் மகளை அவளுடைய இரண்டாம் மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அங்கேதான் மாமியின் பேச்சுக்கும் பதில் இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் பிள்ளை 900 கிராம் ஏறினாள். அந்த 900 கிராமும் உங்கள் பாலில் வந்தது; வேறு எதுவும் வாயில் போகவில்லை. அதே பால் மூன்றாம் மாதம் திடீரென்று தண்ணீராகிவிடாது. அப்படியானால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. பால் நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், கோடு வளைந்த மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்று தேட வேண்டும். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான்கு மாற்றங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவை முக்கியம் என்று தெரியாமலே.

அதற்கு முன் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. பல கிளினிக்குகளில் கூரையில் தொங்கும் சல்டர் தராசைப் பார்த்திருப்பீர்கள். துணிக் காற்சட்டை ஒன்றில் பிள்ளையை இட்டுத் தொங்கவிட, பிள்ளை காலை உதைக்கும், முள் ஆடும், முள் நிற்கிற இடத்தை நாங்கள் குத்துமதிப்பாகப் பார்த்து எழுதுவோம். அதன் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 100 கிராம். நனைந்த நப்பி ஒன்று 100 கிராம் இருக்கும். வயிறு நிறையக் குடித்த பால் இன்னொரு 100 கிராம். இரண்டாம் மாதம் மூதூரில் ஒரு தராசு, மூன்றாம் மாதம் உப்புவெளியில் வேறு தராசு. ஆகவே முதல் வேலை, உடுப்பு எதுவும் இல்லாமல், பால் கொடுக்கும் முன், இலக்கம் காட்டும் குழந்தைத் தராசில் ஒருமுறை நிறுப்பது. அடுத்த முறையும் அதே தராசு, அதே நேரம். ஆனால் தராசின் பிழை என்று சொல்லி இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. 100 கிராம் கூட்டிப் பார்த்தாலும் கோடு வளைந்துதான் இருக்கிறது.

இனி அந்த நான்கு மாற்றங்கள்.

முதலாவது ஏணை. மூதூரில் பிள்ளை உங்கள் அருகில் படுத்தாள். இரவில் முனகினால் நித்திரையிலேயே பால் கொடுத்தீர்கள். இங்கே மாமி ஏணை கட்டியிருக்கிறார். நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று இரவு ஒன்பது மணியில் இருந்து அவரே ஆட்டிப் படுக்க வைக்கிறார்; பிள்ளை காலை ஐந்து மணிக்குத்தான் பால் குடிக்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் பசித்த பிள்ளை எடுத்தவுடன் அழாது. முதலில் நெளியும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைப் பக்கத்துக்குத் திருப்பி வாயைத் திறந்து தேடும். அழுகை கடைசியில் வருவது. நெளியும்போதே ஏணையை ஆட்டினால் அந்தப் பசி மறுபடி தூங்கிவிடும். எட்டு மணித்தியாலம் மார்பு கட்டிக்கொண்டு நின்றால் உடம்பு, "இவ்வளவு பால் தேவையில்லை போலும்" என்று கணக்குப் போட்டுச் சுரப்பைக் குறைத்துவிடும். பாலைச் சுரக்கச் செய்யும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் இரவு முழுவதும் தூங்கியும் நன்றாக நிறை ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பச் சொல்ல மாட்டேன். உங்கள் மகளை எழுப்பத்தான் வேண்டும்.

இரண்டாவது சூப்பி, பிள்ளை வெறுமனே சப்பும் ரப்பர் காம்பு. ஏணையின் கூட்டாளி. அதே வேலையைத்தான் பகலில் செய்கிறது. முன்பு ஒரு நாளில் பத்துத் தரம் குடித்தவள் இப்போது ஆறு தரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்ச நான்கும் சூப்பியில் போய்விட்டன. ஒரு மாதம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது தண்ணீர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெக்கை எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. சுவர்கூட இரவு வரை சுடும். பெரியவர்களுக்கே நாக்கு வறளும்போது பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்பது இயல்புதான். கொதித்தாறிய தண்ணீர், சில நாள் ஓமத்தண்ணீர், ஒரு நாளைக்கு மூன்று தரம், தரத்துக்கு 60 மில்லிலீற்றர் அளவில் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் குடிக்கும் தாய்ப்பால் சராசரியாக 750 மில்லிலீற்றர். நீங்கள் கொடுக்கும் தண்ணீர் 180. வயிற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இடம், அதில் ஒரு கலோரிகூட இல்லை. அவ்வளவு பாலும் அப்படியே குறைந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கணிசமாகக் குறையும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு அளவில் தண்ணீர்தான். வெக்கை கூடினால் பிள்ளை கூடுதல் தரம் குடிக்கும், தாகமும் தீரும். தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். ஆறு மாதம் முடியும் வரை பிள்ளைக்குத் தண்ணீரும் வேண்டாம், ஓமமும் வேண்டாம், கஞ்சித் தண்ணீரும் வேண்டாம். சோறு தீத்துவதற்கு நாள் பார்ப்பதும் அதன் பிறகுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "ஒரு நாளைக்கு எட்டுத் தரம் மூத்திரம் போகிறாள், ஆகவே பால் காணும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு அது நல்ல கணக்கு. ஆறு தரத்துக்கு மேல், நிறம் வெளிறி இருந்தால் நாங்களும் நிம்மதியாகத் திரும்பிப் போவோம். தண்ணீர் கொடுக்கும் வீட்டில் அந்தக் கணக்குப் பொய் சொல்லும். தண்ணீரும் மூத்திரமாகத்தான் வெளியே வரும். தண்ணீரை நிறுத்தி இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள்.

நான்காவதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு மாதமாகக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பதாக. யாரிடமும் கேட்காமல் பாமசியில் வாங்கியது என்றால் அது இரண்டு ஹோர்மோன் சேர்ந்த மாத்திரையாக இருக்கக்கூடும். அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் பாலைக் குறைக்கலாம் என்பதால் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்மாருக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய் உங்கள் மிட்வைஃப்பிடம் காட்டுங்கள். ஊசி, கருப்பையில் வைக்கும் லூப் என்று பாலுக்கு இடைஞ்சல் இல்லாத வழிகள் கிளினிக்கிலேயே இருக்கின்றன. வெட்கப்பட ஒன்றும் இல்லை; அவர்களுடைய வேலையில் பாதி அதுதான்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம் மாதக் கோடு வளைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டதுபோல இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் வைத்தியரிடம் காட்டச் சொல்வதற்கு என் சொந்தப் பிழை ஒன்றுதான் காரணம்.

தம்பலகாமம் பக்கம் ஒரு வீடு. ஆறு கிழமைப் பிள்ளை, நிறை ஏறவில்லை. தாய் மணிக்கூட்டைப் பார்த்துப் பால் கொடுப்பவள். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்து, "மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள், பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை குடிப்பதை இருந்து பார்க்கவில்லை. இன்னும் ஐந்து வீடு போக வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்துப் போனேன், நிறை அப்படியே. அன்றுதான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு இழுவை இழுத்ததும் பிள்ளை மார்பை விட்டுவிட்டு மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக. மறுபடி நாலு இழுவை, மறுபடி மூச்சு. அன்று மாலையே வைத்தியசாலைக்கு அனுப்பினோம், இதயத்தில் ஓட்டை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தப் பத்து நாளை நான் மறக்கவில்லை. அதன் பிறகு பிள்ளை பால் குடிப்பதை ஒரு முறையாவது முழுவதும் பார்க்காமல் எந்தத் தாய்க்கும் புத்தி சொன்னதில்லை. உங்களை நான் பார்க்க முடியாது. ஆகவே யாராவது நேரில் பார்க்க வேண்டும்.

வைத்தியர் தேடக்கூடியவை பல: மூத்திரத்தில் கிருமி, இதயம், தைரொயிட் சுரப்பி, நாக்கு அடியில் ஒட்டியிருப்பது. உங்கள் பக்கத்தில் இரத்தக் குறைவு, தைரொயிட், பிரசவத்தில் அதிக இரத்தம் போனதா என்பது. இரத்தம் அதிகம் போயிருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் உண்டு. அங்கே உள்ள தாதியர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவார்கள்.

வீட்டில் நீங்களும் பார்க்கலாம். நாளைக் காலை, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் இருந்து பால் கொடுங்கள். வாய் பெரிதாகத் திறந்திருக்கிறதா, நாடி, அதாவது மோவாய், மார்பில் அழுந்தியிருக்கிறதா, கீழ் உதடு வெளியே மடிந்திருக்கிறதா? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் பிள்ளையின் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரிய வேண்டும். தொடக்கத்தில் வேகமாகச் சப்புவாள். ஓரிரு நிமிடத்தில் பால் இறங்கியதும் இழுவை ஆழமாகும்: நாடி கீழே போய் ஒரு கணம் அங்கேயே நிற்கும், பிறகு மெல்லிய மூச்சுப்போல ஒரு விழுங்கல் கேட்கும். அந்த ஒரு கண நிற்றல்தான் வாய் நிறையப் பால் போகிறது என்பதற்கு அடையாளம். நாடி குட்டி குட்டியாகத் துடித்துக்கொண்டே இருந்து, அந்த நிற்றல் வராவிட்டால் பிள்ளை மார்பில் இருக்கிறாள், பால் குடிக்கவில்லை. அரை மணித்தியாலம் அப்படி இருந்தாலும் வயிற்றுக்குள் போவது கொஞ்சம்தான். இழுவை தளரும்போது மார்பைக் கையால் மெல்ல அமத்திப் பிடியுங்கள், மறுபடி விழுங்குவாள். விட்ட பிறகு காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டும். சப்பையாகவோ ஓரம் வெளுத்தோ இருந்தால் பிடிப்பு சரியில்லை.

பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று கைபேசியில் மணி வைத்துக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்துங்கள். மார்பு வடிய வடியத்தான் பாலில் கொழுப்புக் கூடுகிறது. முதலில் வருவது இலேசான நீல நிறத்தில், தண்ணீராகத்தான் தெரியும். மாமி பார்த்தது அந்தப் பாலைத்தான். அவர் கண்ணில் பிழையில்லை. முதல் பக்கத்தைப் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கட்டும், பிறகு மற்றப் பக்கம். பம்பில் எடுத்தால் 30 மில்லிலீற்றர்தான் வருகிறது என்ற கவலையும் வேண்டாம். பிள்ளையின் வாய் எடுப்பதைப் பம்ப் எடுக்காது. மார்பு முன்புபோல இறுகவில்லை என்பதும் இந்த மாதத்தில் எல்லாத் தாய்மாருக்கும் நடப்பது.

பால்சுறா, உள்ளி, முருங்கையிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பிடுங்கள். சுறாவும் முருங்கையும் நல்ல சாப்பாடு, பாலூட்டும் உடம்புக்கு அது தேவை. கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்தால் அதையும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் பங்கிடாமல் நீங்களே சாப்பிடுங்கள். ஆனால் எட்டு மணித்தியாலம் வாயே வைக்காத மார்பில் எந்தச் சுறாவும் பாலைக் கொண்டுவந்து சேர்க்காது. கூடப் பால் எடுக்கப்பட்டால்தான் கூடப் பால் சுரக்கும்.

பால்மாவுக்கு நான் எதிரி இல்லை. வைத்தியர் பார்த்து, இத்தனை மில்லிலீற்றர், இத்தனை நாள் என்று சொன்னால் மருந்துபோலக் கொடுங்கள்; அதில் குற்ற உணர்வு வேண்டாம். அதற்கு முன், உங்கள் பாலையே கறந்து சிறு கோப்பையால் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கறந்த பாலை இந்த வெக்கையில் வெளியே நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பால்மா கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சிசுக்களுக்கான மா மட்டுமே. வீட்டில் தேநீருக்குப் போடும் முழு ஆடைப் பால்மா ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கூடாது. விலை ஏறிய காலத்தில் பேணி முடிந்துவிடும் என்ற பயத்தில் ஒரு கரண்டி குறைத்துக் கரைத்துக் கொடுத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பேணிப்பால் குடித்தே இளைத்தார்கள். இலங்கையில் சிசுப் பால்மாவை விளம்பரம் செய்வதைத் தடுக்கும் விதிக்கோவை இருக்கிறது. ஆனால் பயந்த தாய் ஒருத்திக்கு முன்னால் பேணியை எடுத்து வைத்துவிட்டால் விளம்பரம் எதற்கு?

சில அடையாளங்களைக் கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது: பாலுக்கு எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடப்பது, குடிக்கும்போது வியர்ப்பது அல்லது மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், பச்சையாக வாந்தி, உச்சிக்குழி உள்ளே போவது, மூத்திரம் வெகுவாகக் குறைவது. அன்றே, அந்த நேரமே வைத்தியசாலை. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அவை எதுவும் இல்லையென்றால், வைத்தியரிடம் காட்டிய கையோடு ஏழு நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். தண்ணீர், சூப்பி, கைபேசி மணி மூன்றும் இல்லை. இருபத்துநாலு மணித்தியாலத்தில் குறைந்தது எட்டுத் தரம், முடிந்தால் பத்துத் தரம் பால். அதில் குறைந்தது இரண்டு தரம் இரவில். எட்டாம் நாள் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். இந்த வயதில் நாளுக்கு 20 கிராம் அளவில், அதாவது கிழமைக்கு 140 கிராம் ஏறினால் கோடு திரும்பத் தொடங்கிவிட்டது. குறைந்ததைப் பிடிக்கும் பிள்ளை அதைவிட வேகமாகவும் ஏறும். ஏறாவிட்டால் மறுபடி வைத்தியரிடம், இந்த முறை சோதனைகளுக்கு.

ஏணையை அவிழ்க்கச் சொல்லி மாமியோடு மனக்கசப்பு வேண்டாம். பால் குடித்து வயிறு நிறைந்த பிறகு பகலில் அவர் ஆட்டட்டும். இரவிலும் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். வயதானவர்களுக்கு எப்படியும் நடுச்சாமத்தில் விழிப்பு வரும். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் பிள்ளையை ஏணையில் இருந்து தூக்கி, நப்பியை மாற்றி, உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து கிடத்தச் சொல்லுங்கள். எட்டாம் நாள் நிறுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.